பலெர்மோவுக்குக் கொண்டுபோன நீலம்

இரத்தினபுரியில் என்னைத் தெரியாத மாணிக்க வியாபாரி ஒருவன் இருந்தால் அவன் நேற்றுத்தான் தொழிலுக்கு வந்தவனாக இருக்க வேண்டும். மன்னாரிலிருந்து மூன்றாம் வகுப்போடு வெளிக்கிட்டவன் நான். முதலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு குழியில் சேற்று வாளி இழுத்தேன். பிறகு குழியில் பங்கு எடுத்தேன். கடைசியில் குழிக்கு அனுமதிப் பத்திரமே என் பெயரில் எடுத்தேன். சிங்களத்தைச் சேற்றுக்குள் படித்தேன். ஆங்கிலத்தைக் கல் வாங்க வந்த வெள்ளைக்காரரிடம் படித்தேன். இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்வார். கல்லில் பிழை இருந்தால் என்னிடம்தான் வர வேண்டும்.

அப்படிப்பட்ட நான் போன வைகாசியில் இத்தாலியின் தெற்கே ஒரு தீவில் இருக்கும் பலெர்மோ நகரத்துக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு நீலக்கல்லை விற்க.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வயல் ஓரத்திலோ ஆற்றங்கரையிலோ சதுரமாகக் குழி வெட்டுவோம். பக்கங்கள் இடிந்து விழாமல் மரச் சட்டம் அடித்து, இடையில் காட்டுப் பன்னச் செடியின் இலைக் குழைகளைத் திணிப்போம். பம்பு இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கும். ஆழத்தில் கூழாங்கல்லும் மணலும் கலந்த ஒரு மண்படை வரும். அதை அள்ளி மேலே குவித்து, நல்ல நாள் பார்த்துக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவுவோம். அன்றைக்குப் பங்குக்காரர் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். காணிக்காரனுக்கு ஒரு பங்கு, அனுமதிப் பத்திரக்காரனுக்கு ஒரு பங்கு, பம்புக்காரனுக்கு ஒரு பங்கு, இறங்கி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பங்கு. கூடையில் கல் ஒன்று மினுங்கினால், அது விற்றுத் தீரும்வரை எல்லாருக்கும் சொந்தம். ஒருவன் தனியாகக் கொண்டுபோய் விற்க ஏலாது.

இப்படித் தோண்டி எடுப்பது நாங்கள். பெயர் எடுப்பது வேறு ஆட்கள். நான் வாளி இழுத்த காலத்தில், பால் கலந்ததுபோல மங்கிய ஒரு கல் கூடை கூடையாக வரும். கெவுடா என்போம். ஒன்றுக்கும் உதவாது என்று ஒற்றையடிப் பாதையில் கொட்டி மிதித்தோம். பாங்கொக்கிலிருந்து வந்த ஆட்கள் அதைச் சாக்குக் கணக்கில் கேட்டார்கள். விசர்ப் பயல்கள் என்று சிரித்துச் சிரித்துக் கொடுத்தோம். அவர்கள் அதை உலையில் வைத்து வேகவைத்தார்கள். பால் போய் நீலம் வந்தது. அந்த நீலத்தை உலகம் முழுக்க விற்று மாளிகை கட்டினார்கள். நாங்கள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் வயிற்றில் எரிகிறது. எனக்குப் பொறாமை உண்டு. அதை ஒளிக்கப் போவதில்லை. பொறாமை இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

நான் கொண்டுபோன நீலம் நெருப்பைக் காணாதது. மண்ணிலிருந்து வரும்போதே அந்த நிறம். வழக்கமாகக் குழியடியிலேயே விலை பேசிவிடுவோம். இந்த முறை பட்டை தீட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே ஹோட்டலில் அறை எடுத்திருந்த பாங்கொக் வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, "எங்கே வேண்டுமானாலும் சுற்றிவிட்டு வா. கடைசியில் என்னிடம்தான் கொண்டுவருவாய்" என்று பல்லைக் குத்திக்கொண்டு சொன்னான். அந்த வார்த்தைக்காகவே நான் விமானம் ஏறினேன். கல் அணிகிறவர்கள் இருக்கும் ஊரிலேயே, இடையில் அவன் கை படாமல், அதை விற்றுக் காட்ட வேண்டும். பங்குக்காரர்களைக் கூட்டிச் சொன்னேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பம்புக்காரன், "கொண்டு போங்கள் முதலாளி, உங்கள் வாய்ச்சொல் போதும்" என்றான். அரசாங்கக் கந்தோரில் ஏற்றுமதி முத்திரை வாங்கி, மனைவி உள்பெனியனில் தைத்துக் கொடுத்த பைக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

பலெர்மோவில் என் மனைவியின் தம்பி பிலிப்பு இருக்கிறான். ஒரு காலத்தில் இவனை மனிதனாக்குவோம் என்று என் குழிக்குக் கூட்டிவந்தேன். பாதி ஆழம் இறங்கியதும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அத்தான், என்னைத் தூக்குங்கோ" என்று அழுதவன். இப்போது வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பக்கத்தில், பழைய பிரபு மாளிகை ஒன்றில் வாசற்காவலன். படிக்கட்டுக் கூட்டுவான், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பான், கதவு பூட்டுவான். கீழ்த்தளத்தில் ஒரு அறையும் குசினியும் அவனுக்கு.

முதல் நாள் அவனோடு தெருவில் நடந்தேன். பத்தடிக்கு ஒருவர் அவனை நிறுத்துகிறார். கோட்டுப் போட்ட வழக்கறிஞர் நிறுத்துகிறார், மீன் விற்கிறவன் நிறுத்துகிறான், நாயோடு வந்த கிழவி நிறுத்தி அவன் கன்னத்தைத் தட்டுகிறாள். "ஃபிலிப்போ, ஃபிலிப்போ" என்று ஒரே உபசாரம். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. இரத்தினபுரிச் சந்தையில் நான் இறங்கினால் எழுந்து நிற்காத கடைக்காரன் இல்லை.

"உன்னை எல்லாருக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"படி கூட்டுறவனைத் தெரியாட்டி வேற ஆரைத் தெரியும் அத்தான்?" என்று சிரித்தான்.

சந்தியில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். என் கை தானாகச் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடியது. பிலிப்பு என் கையைப் பிடித்துக் கீழே விட்டான். "அவை எங்களை மறிக்க நிக்கேல்லை. அதிலை ஒரு நீதவான்ர வீடு. அவருக்கு மாஃபியாக்காரராலை ஆபத்து, அதுக்குக் காவல்." கொழும்பில் நீலக்கல்லோடு நடக்கும்போதும் நான் இப்படித்தான் நடுங்குகிறேன். இங்கே சிப்பாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த நாள் காலையில் கபோ சந்தைக்குப் போனோம். அது தெரு அல்ல, கூச்சல். கூரைத் துணிகளுக்குக் கீழே மீன், தக்காளி, ஒலிவ், தொங்கும் இறைச்சி. வாள்மீனின் தலையை வாளோடு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கடலை மாவைக் களியாகக் கிண்டி, தகடாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். நம்முடைய கடலை வடையைத் தட்டையாக்கியதுபோல் இருந்தது. உறைப்பு மட்டும் இல்லை. இரண்டு தின்றேன். பக்கத்தில் ஒரு கிழவி கத்தரிக்காயைக் கையில் எடுத்து ஏதோ நீளமாகச் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "இவ்வளவு வடிவான கத்தரிக்காயைத் தன்ர கலியாணத்துக்குப் பிறகு காணேல்லையாம்" என்றான் பிலிப்பு. புகழ்ந்துகொண்டே அவள் அதை வாங்கிப் பையில் போட்டாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலில் சிவப்பு, ஒரு விரலில் நீலம். கத்தரிக்காய் வாங்க வந்த கிழவி. இந்தத் தீவின் மண்ணை எவ்வளவு தோண்டினாலும் கந்தகம்தான் வருமாம், மாணிக்கம் வராதாம். ஆனால் விரலுக்கு விரல் கல். என் குழியில் இறங்குகிறவர்களின் பெண்டாட்டிமாருக்குத் தோட்டுக்குக்கூடக் கல் இல்லை.

திரும்பி வரும்போது பஸ் ஏறினோம். ஒடுங்கிய தெருவில் குட்டிக் கார் ஒன்றைக் குறுக்கே விட்டுவிட்டு எவனோ போய்விட்டான். சாரதி கொஞ்ச நேரம் ஹோன் அடித்தான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிச் சிகரெட் பற்றவைத்தான். பயணிகளில் ஏழெட்டு ஆம்பிளைகள் இறங்கி, பிலிப்புவும் சேர்ந்து, அந்தக் காரை அப்படியே தூக்கிச் சுவரோடு வைத்தார்கள். பஸ்ஸுக்குள் எல்லாரும் கைதட்டினார்கள். நான் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு சீட்டில் இருந்தேன். ஒரு பெண் என்னைக் காட்டிப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். "பாவம், கிழவருக்கு நெஞ்சு வருத்தம் போலை எண்டுறா" என்றான் பிலிப்பு. கிழவராம்.

மூன்றாம் நாள் விஷயத்துக்கு வந்தோம். பிலிப்பு காவல் செய்யும் மாளிகையின் மூன்றாம் மாடியில் நீனோ என்ற நகை வியாபாரி குடியிருக்கிறார். தலை நரைத்த, மெல்லிய ஆள். கடை இரண்டு தெரு தள்ளி. பிலிப்புவின் மனைவி ஸ்டெல்லா அவர் வீட்டில்தான் வேலை செய்கிறாள். அவள் சொல்லி வைத்துத்தான் என்னைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். காலை வெளிச்சத்தில்தான் காட்டுவேன் என்று சொல்லியிருந்தேன். நேரத்துக்குப் பிலிப்புவோடு கடைக்குப் போய், ஜன்னலடியில் வெள்ளைத் தாளை விரித்துக் கல்லை வைத்தேன்.

நீனோ லென்ஸைக் கண்ணில் வைத்தார். திருப்பினார். மூச்சை விட்டார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாவும் பார்த்துவிட்டுக் கையைக் கன்னத்தில் வைத்தார். "பெல்லா, பெல்லா" என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

"வடிவு எண்டுறார் அத்தான். இப்பிடி ஒரு நீலத்தைக் கன காலமாய்க் கண்ணாலை காணேல்லையாம். வானத்தை வெட்டி எடுத்த மாதிரியாம்."

அவ்வளவுதான், இவர் வாங்கப் போவதில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

இரத்தினபுரியில் ஒரு கல்லை வாங்க நினைக்கிறவன் அதைப் புகழ மாட்டான். எடுத்த எடுப்பில் குறை சொல்லுவான். பால் ஓடுகிறது என்பான், ஓரத்தில் நிறம் செத்துப்போயிருக்கிறது என்பான், வயிறு தடித்துவிட்டது என்பான். எவ்வளவு குறை சொல்கிறானோ அவ்வளவு ஆசை. கல் வேண்டாதவன்தான் மரியாதைக்காக, "அருமையான கல், கையில் வைத்திருங்கள், நல்ல ஆள் வரும்" என்று புகழ்ந்து வழியனுப்புவான். அந்தப் புகழ்ச்சி விழுந்தால் கல்லைச் சுருட்டிக்கொண்டு எழும்ப வேண்டும். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருப்பவன் பிச்சைக்காரன். இது எங்கள் சந்தையில் ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

ஆகவே நான் கல்லைச் சுருட்டினேன். பெனியனுக்குள் போட்டேன். "கிராட்சியே" என்று எனக்குத் தெரிந்த ஒரே சொல்லால் நன்றி சொல்லி எழுந்தேன். நீனோ வாயைத் திறந்தபடி நின்றார். வாசல் வரை பின்னால் வந்து என்னவோ சொன்னார். நான் திரும்பவில்லை.

தெருவில் பிலிப்பு ஓடிவந்தான். "என்ன அத்தான், என்ன நடந்தது?"

"உன்ர ஆளுக்குக் கல் வாங்கிற எண்ணம் இல்லை. எனக்கு விளங்கும். நாப்பது வருசமாய்க் கல்லுக்கை கிடந்தவன் நான்."

கல் விஷயத்தில் என்னோடு வாதாட அவனுக்கு வாய் இல்லை.

அன்று பின்னேரம் தனியாக வியா மக்வேதாவில் நடந்து ஒவ்வொரு நகைக் கடைக் கண்ணாடியிலும் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு மோதிரத்துக்குக் கீழே சிறு அட்டையில் "சிலோன்" என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். சுற்றிவரச் சின்ன வைரங்கள், நடுவில் எங்கள் மண். கல் நடுத்தரம். நான் கொண்டுவந்ததன் கால்தூசி பெறாது. அதைப் பூனை முடிபோல மெல்லிய தங்கக் கம்பியில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அந்த வேலையை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. எங்களிடம் கல் இருக்கிறது. இவர்களிடம் அதை நிறுத்தி வைக்கும் விரல் இருக்கிறது. பாங்கொக்காரனிடம் உலை இருக்கிறது. கடவுள் இந்த மூன்றையும் ஏன் ஒரே ஊரில் வைக்கவில்லை என்று கேட்கத் தோன்றியது. வைத்திருந்தால் அது இரத்தினபுரியாக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனோம். ஸ்டெல்லா ரவை மாவில் புட்டு அவித்து, சூரை மீன் குழம்போடு கட்டிக் கொண்டுவந்திருந்தாள். சுற்றிவர வெள்ளைக்காரர் வெயிலில் மீன் காயப்போட்டதுபோலக் கிடந்தார்கள். சாப்பாட்டுக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. ஏன் சிஞ்ஞோர் நீனோட்டையிருந்து கல்லைப் பறிச்சுக்கொண்டு வந்தனீங்கள்? அவர் வீட்டிலை என்னை இருக்க விடுறார் இல்லை. நான் என்ன பிழை விட்டனான், உங்கட அண்ணைக்கு என்ன கோவம் எண்டு ஒரே கரைச்சல்."

"அவர் வாங்கேல்லை. வடிவு வடிவு எண்டு சொல்லி அனுப்பினவர்."

"வடிவு எண்டு சொன்னால் வாங்கப் போறார் எண்டுதானே கருத்து?"

நான் எங்கள் சந்தை வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே மணலில் இருந்துவிட்டாள். சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப என்ர குழம்பு நல்லாயிருக்கு எண்டு இப்ப சொன்னியளே. அது வேண்டாம், எடுத்துக்கொண்டு போ எண்டதோ?"

"குழம்பு வேற, கல்லு வேற."

"இஞ்சை எல்லாம் ஒண்டுதான் அண்ணை. இஞ்சத்தை ஆக்களுக்குப் பிடிச்சால் வாய் நிறையச் சொல்லுவினம். பிடிக்காட்டி முகத்தைத் திருப்புவினம்."

பிலிப்பு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்கு இது அண்டைக்கே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஏன்ரா சொல்லேல்லை?"

"கல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லுறதோ அத்தான்?"

புட்டுக் கோப்பையை மணலில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கடைக்குப் போனோம். இந்த முறை நீனோ சிரிக்கவில்லை. கதிரை காட்டினார், ஆனால் லென்ஸை எடுக்கவில்லை. கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கதைத்தார். பிலிப்பு ஒவ்வொரு வசனமாக எனக்குச் சொன்னான்.

"இந்தக் கல்லை நான் ஆசையாய்ப் பாத்துக்கொண்டிருக்கேக்கை நீங்கள் பறிச்சனீங்கள். கூட நேரம் பாத்தால் குட்டு வெளிப்படும் எண்டு பயப்பிடுறவைதான் அப்பிடிச் செய்யிறவை எண்டு நான் யோசிச்சன். உலையிலை வைச்ச கல்லாய் இருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரிட்டை பெரிய மைக்ரோஸ்கோப் இருக்கு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கல் என்னட்டை இருக்கட்டும். நெருப்புப் படேல்லை எண்டால் வாங்குவன்."

உலையில் வைத்த கல். பாங்கொக்காரன் செய்த வேலைக்கு என் கல்லின் மேல் சந்தேகம். அதுவும் பொறுக்கலாம். ஆனால் கல்லை விட்டுவிட்டுப் போவதா? எங்கள் தொழிலில் கல் சொந்தக்காரனின் கண்ணை விட்டு அகலாது. கழுவும் நாளில் கூடைக்காரன் மூக்கைத் துடைக்கக் கை தூக்கினால்கூட எல்லாக் கண்ணும் அந்தக் கையில் நிற்கும். இது என்னுடைய கல்லும் அல்ல. குழியில் எத்தனை பேர் இதை நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

"இவரை நான் என்னெண்டு நம்புறது? என்னை இவருக்குத் தெரியாது, இவரை எனக்குத் தெரியாது. கேள்."

பிலிப்பு கேட்டான். நீனோ என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னார். அவன் மொழிபெயர்க்கக் கூச்சப்பட்டான்.

"சொல்லு."

"அது வந்து... எங்கட கட்டிடத்திலை எல்லா வீட்டுக் கதவுத் திறப்பும் ஃபிலிப்போட்டைதான். இண்டைக்கு வரைக்கும் ஒரு கரண்டிகூடத் துலையேல்லை. எனக்கு ஃபிலிப்போவைத் தெரியும், ஃபிலிப்போவுக்கு என்னைத் தெரியும். அவன் விட்டிட்டுப் போங்கோ எண்டால் விட்டிட்டுப் போங்கோ. எடுங்கோ எண்டால் எடுங்கோ. அப்பிடிச் சொல்லுறார்."

கல் வெள்ளைத் தாளில் கிடந்தது. நான் யார், எத்தனை குழி கண்டவன், என் வாயில் எத்தனை கல் விலை போயிருக்கிறது என்பதெல்லாம் அந்த மேசையில் செல்லாக் காசு. ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதவனின் வாயில் என் கல் தொங்கியது. பம்புக்காரன் என் முகத்தைப் பார்த்து எதைக் கொடுத்தானோ அதை இந்த ஊரில் இவன் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

"நீ என்ன சொல்லுறாய்?"

"இது உங்கட கல் அத்தான். நான் சொல்லக் கூடாது."

"கேக்கிறன், சொல்லு. இவரை நம்பலாமோ?"

"நம்பலாம்" என்றான்.

எழுந்து வெளியே வந்தேன். உள்பெனியன் பை காலியாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த நாள் காலை முழுவதும் பிலிப்பு காவல் இருக்கும் சின்ன வாசற்கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அவன் படி கூட்டினான். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவனுக்கு வணக்கம் சொன்னார்கள். ஸ்டெல்லா சோற்றுருண்டை பொரியல் ஒன்று வாங்கிவந்து தந்தாள். ஆறி எண்ணெய் கட்டும்வரை கையிலேயே வைத்திருந்தேன். "அந்த மனிசன் வராட்டி?" என்று ஒரு தடவை கேட்டேன். பிலிப்பு விளக்குமாற்றை நிறுத்தாமல், "வராட்டி நான் உங்களோடை இரத்தினபுரிக்கு வந்து குழியிலை இறங்குறன். வேற என்ன செய்ய?" என்றான். சிரிக்காமல் சொன்னான். அப்போதுதான் அவனும் பயந்துகொண்டிருக்கிறான் என்று கண்டேன்.

மத்தியானம் நீனோ தானே வந்தார். கூட்டுக்குள் இருந்த ஒரே ஸ்டூலை நான் எழுந்து கொடுக்க, அதில் உட்கார்ந்தார். கல் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மூடினார்.

"நெருப்புப் படேல்லையாம்" என்றான் பிலிப்பு. "சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்புக் கேக்கிறார். இப்ப வாங்குறாராம்."

விலை பேசும்போது நான் என் வேலையைக் காட்டினேன். அதில் எனக்குக் குறை இல்லை. பாங்கொக்காரன் கை படாமல், உலை படாமல், என் குழியின் நீலம் அணிகிறவர்களின் ஊரிலேயே விலைபோனது. எங்கள் பக்கத்தில் இதற்கு முன் யார் செய்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லட்டும்.

புறப்படுவதற்கு முதல் நாள் பிலிப்புவோடு கடைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். அப்போது கடையில் நன்றாக உடுத்த ஒரு பெண்மணி இருந்தார். நீனோ நீலத்தை வெல்வெட்டில் வைத்து அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு பெயர் விளங்கியது. கல்லைக் காட்டிச் சொல்கிறார், "ஃபிலிப்போ." மறுபடியும் கல்லைக் காட்டிச் சொல்கிறார், "ஃபிலிப்போ." அந்தப் பெண்மணியும் தலையை ஆட்டி அதையே சொல்கிறார்.

"என்னவாம்?" என்று பிலிப்புவைக் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. ஃபிலிப்போவின்ர கல் எண்டு சொல்லிக் காட்டுறார். பகிடிக்கு."

"இது இரத்தினபுரிக் கல், என்ர குழியிலை வந்தது, நான் கொண்டுவந்தது எண்டு சொல்லு அவருக்கு."

பிலிப்பு சொன்னான். நீளமாகத்தான் சொன்னான். என் பக்கம் கையைக் காட்டினான். நிலத்தைக் காட்டினான், குழியின் ஆழத்தைக் காட்டினான், கூடையைச் சுழற்றிக்கூடக் காட்டினான். நீனோ கவனமாகக் கேட்டார். பிறகு மேசையைச் சுற்றி வந்து பிலிப்புவின் தோளில் தட்டினார்.

"சொன்னியோ?"

"சொன்னனான் அத்தான்."

"என்ன சொல்லுறார்?"

"ஓம் எண்டுறார். அடுத்த கல் வந்தாலும் நீங்கள் என்னையே கூட்டிக்கொண்டு வரோணுமாம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தான்: "நீங்களும் நல்ல மனிசன் எண்டுறார்."